காம்பாக்ட் பிளாக் ஃபில்டர் வாலட்டுக்கு மாறினா போன் டேட்டா மிச்சமாகுமா?

கேள்வி: களக்காடு பக்கம் இருக்கேன். ஒரு நாளைக்கு 1.5 ஜிபி பேக். போன்ல பிட்காயின் வாலட் எலக்ட்ரம் சர்வர் வழியா ஓடுது. காம்பாக்ட் பிளாக் ஃபில்டர் உள்ள வாலட்டுக்கு மாறினா டேட்டா ரொம்ப மிச்சமாகும்னு ஒரு வீடியோவில சொன்னாங்க. மாறலாமா?

பதில்:

டேட்டா மட்டும்தான் கவலைன்னா மாறாதீங்க தம்பி. கூடத்தான் செலவாகும். அந்த மிச்சக் கணக்கு முழு நோடு (பிட்காயின் பதிவு எல்லாத்தையும் தானே இறக்கிச் சரிபாக்கிற மென்பொருள்) ஓட்டுறவங்களுக்கு. நீங்க ஓட்டுறது முழு நோடே இல்ல.

கீழே சண்டைக்கு வரப்போற அண்ணாச்சிகளுக்கு முதல்லயே சொல்லிருதேன். நான் யாரையும் வாங்கச் சொல்லல, விக்கவும் சொல்லல. 2022 ஏப்ரல்ல இருந்து 30 சதவீத வரி, அந்த வருஷம் ஜூலையில இருந்து 1 சதவீத டிடிஎஸ், எல்லாம் தெரியும். இங்க பேச்சு பைட் கணக்கு மட்டும்.

பிட்காயின் பரிமாற்றங்களைத் தொகுதி தொகுதியா எழுதி வைப்பாங்க, ஒரு தொகுதிதான் ஒரு பிளாக். ஒவ்வொரு பிளாக்கையும் ஒரு கல்யாண வீட்டு மொய் நோட்டுன்னு வச்சிக்கிடுங்க. உங்க பேர் எந்த நோட்டுல இருக்குன்னு பாக்கணும். முழு நோடு எல்லா நோட்டையும் வீட்டுக்குத் தூக்கிட்டு வந்து வாசிக்கும். எலக்ட்ரம் முறையில, நோட்டு வச்சிருக்கிறவர்கிட்ட உங்க பேர் பட்டியலைக் கொடுத்து "பாத்துச் சொல்லுங்க"ன்னு கேக்குதீங்க. செலவு கம்மி, ஆனா உங்க வரவு செலவு அவருக்குத் தெரிஞ்சிரும். 2012ல வந்த பிப் 37 (பிப்னா பிட்காயினுக்கான மாற்ற முன்மொழிவு) புளூம் ஃபில்டர், பேரைக் கொஞ்சம் கலைச்சுக் கொடுக்கிற வேலை. கலைச்சாலும் கண்டுபிடிச்சிரலாம்னு ஆயிட்டு. நோடுக்கும் வீண் வேலை. அதனால பிட்காயின் கோர்ங்கிற முழு நோடு மென்பொருளோட 0.19 பதிப்புல அதை இயல்பா அணைச்சு வச்சிட்டாங்க.

நீங்க கேட்ட காம்பாக்ட் பிளாக் ஃபில்டர், அதாவது பிப் 157, 158, இதைத் தலைகீழாத் திருப்புது. நோட்டுக்காரர் ஒவ்வொரு நோட்டுக்கும் ஒரு துண்டுச்சீட்டு (அதுதான் ஃபில்டர்) போட்டு எல்லாருக்கும் ஒரே சீட்டையே கொடுப்பாரு. நீங்க உங்க வீட்டுல வச்சு ஒப்பிட்டுப் பாக்கணும். சீட்டுல இல்லன்னா நோட்டுல இல்லவே இல்ல. இருக்கிற மாதிரி தெரிஞ்சா மட்டும் நோட்டை வாங்கணும்.

சீட்டுல இருக்கிறது, அந்த பிளாக்ல பணம் வந்த ஸ்கிரிப்ட்டுகளும் (முகவரிக்குப் பின்னால இருக்கிற பூட்டு), செலவான பழைய ஸ்கிரிப்ட்டுகளும். ஓபி ரிட்டர்ன் (செலவழிக்க முடியாத, குறிப்பு எழுதுற ஸ்கிரிப்ட்) மட்டும் சேராது. ஒவ்வொண்ணையும் சிப்ஹாஷ்ல போட்டு எண்ணாக்கி, வரிசைப்படுத்தி, இடைவெளியை மட்டும் கோலம்ப்-ரைஸ்ங்கிற சுருக்க முறையில எழுதுவாங்க. ஒரு ஸ்கிரிப்டுக்கு சுமார் 21 பிட். 8,000 ஸ்கிரிப்ட் இருக்கிற பிளாக்குக்கு 21 கேபி. முழு பிளாக் ஒண்ணரை எம்பி, அதுக்கு மேலயும் போகும்.

கணக்கைப் பாருங்க. ஒரு நாளைக்கு 144 பிளாக், ஒண்ணுக்கு 20 கேபின்னா கிட்டத்தட்ட 3 எம்பி. மாசத்துக்கு 86 எம்பி. பிளாக்கோட தலைப்பு (ஹெடர்) 80 பைட், ஃபில்டர் ஹெடர் 32 பைட், ரெண்டும் சேந்து மாசத்துக்கு அரை எம்பிதான். தப்பா "இருக்கு"ன்னு காட்டுறது ஒரு ஸ்கிரிப்டுக்கு 7,84,931ல ஒரு தடவை. வாலட்ல 1,000 ஸ்கிரிப்ட் இருந்தா அஞ்சாறு நாளைக்கு ஒரு பிளாக் வீணா இறங்கும். அது பெருசில்ல.

பெருசு எதுன்னா, உங்க சொந்தப் பரிமாற்றம். ஒவ்வொண்ணுக்கும் முழு பிளாக் இறங்கணும். எலக்ட்ரம்ல 4,000 பரிமாற்றம் உள்ள பிளாக்குல உங்களுது இருக்குன்னு காட்ட 12 ஹாஷ் (32 பைட் சுருக்க எண்), 384 பைட் சாட்சி போதும். இங்க ஒண்ணரை எம்பி. மாசத்துக்குப் பத்துன்னா 15 எம்பி, சரி. கடை நடத்தி தினமும் அம்பதுன்னா, எல்லாம் வேற வேற பிளாக்ல விழுந்தா நாளைக்கு 75 எம்பி.

இன்னொண்ணு, கன்ஃபர்ம் ஆகாத, அதாவது இன்னும் பிளாக்ல ஏறாத பணம் இதுல தெரியாது. சீட்டு பிளாக்குக்குத்தானே, மெம்பூலுக்கு (காத்திருக்கிற பரிமாற்ற வரிசைக்கு) இல்லியே. அனுப்பினவர் "அனுப்பிட்டேன்"ம்பாரு, உங்க போன் பேசாம இருக்கும். ஃபீஸ் மதிப்பீடும் வேற எங்கிருந்தாவது வாங்கணும்.

அப்போ எதுக்குத்தான் இது? உங்க முகவரி யாருக்கும் போகக்கூடாதுன்னா இது நல்லது. மாசம் நூறு எம்பி அதுக்கு விலை, 1.5 ஜிபி பேக்குக்கு உறைக்காது. உறைக்கிறது முதல் நாள்தான். பழைய வாலட்டை அதோட சீட் வார்த்தைகளை (எழுதி வச்ச மீட்பு வார்த்தைகள்) வச்சு மீட்டெடுக்கும்போது வாலட்டோட பிறந்த தேதி கேக்கும். அதைக் காலியா விட்டா செயினோட (பிளாக் வரிசையோட) முதல்ல இருந்தே தேட ஆரம்பிக்கும். ஒரு வருஷத்துக்கு 52,560 பிளாக், ஃபில்டர் மட்டும் சுமார் ஒரு ஜிபி. வாலட் தொடங்கின மாசத்தைப் போட்டு, வைஃபை இருக்கிற இடத்துல வச்சு முடிச்சிருங்க. மலையடிவாரத்துல 2ஜி மட்டும் கிடைச்சு வினாடிக்கு 12 கேபி வந்தா, ரெண்டு வாரம் அணைச்சு வச்ச போன் 2,016 ஃபில்டரைப் பிடிக்கவே ஒரு மணி நேரம் ஆகும். (மழை இருட்டினாலே டவர் படுத்துக்கிடுது, மீதி டேட்டா ராத்திரி 12 மணிக்குச் செத்துப்போகுது. நம்ம காசுதானே, நாளைக்கு வச்சுக்கிட்டா என்ன கேடு?)

இந்த ஃபில்டர் முறைக்கான நியூட்ரினோங்கிற மென்பொருளை வச்சு ஓடுற வாலட்னா (தேனி நியூட்ரினோ இல்ல, அது வேற சண்டை) பெர்சிஸ்ட்ஃபில்டர்ஸ்னு ஒரு அமைப்பு உண்டு. எல்என்டியில (லைட்னிங் நோடு மென்பொருள்) அது இயல்பா அணைஞ்சிருக்கும். மறுபடி ஸ்கேன் பண்ணும்போதெல்லாம் இறக்கின ஃபில்டரையே திரும்ப இறக்கும். அதை ஆன் பண்ணுங்க.

பாளையங்கோட்டையில ஃபைபர் உள்ள சொந்தக்காரங்க வீட்டுல நோடு வைக்க முடிஞ்சா, கோர் அமைப்புக் கோப்புல பிளாக்ஃபில்டர்இண்டெக்ஸ், பியர்பிளாக்ஃபில்டர்ஸ் ரெண்டையும் 1 ஆக்கணும். முதலாவதை விட்டுட்டு ரெண்டாவதை மட்டும் போட்டா நோடே கிளம்பாது. கெட்இண்டெக்ஸ்இன்ஃபோ கட்டளை முடிஞ்சிட்டுன்னு காட்டினப்புறம் போனை இணைங்க. புரூன் பண்ணின (இடம் மிச்சம் பிடிக்க பழைய பிளாக்கை அழிச்ச) நோடுன்னா ஃபில்டர் கொடுக்கும், பழைய பிளாக் கொடுக்காது. போன் "இருக்கு"ன்னு தெரிஞ்சும் நிக்கும். ஏற்கெனவே புரூன் ஆனதுல இண்டெக்ஸ் போடணும்னா செயினை முதல்ல இருந்து இறக்கணும்.

தெரியாத நோடை ஒண்ணே ஒண்ணு மட்டும் நம்பாதீங்க. ஃபில்டர் பிளாக்குக்குள்ள பதிவானது இல்ல, பொய்ச்சீட்டு கொடுக்கலாம். பணத்தை எடுக்க முடியாது, வந்த பணத்தை மறைக்க முடியும். நாலஞ்சு நோடு இருந்தா ஃபில்டர் ஹெடரை ஒப்பிட்டு வாலட்டே கண்டுபிடிக்கும்.

அந்த வீடியோக்காரர் "காம்பாக்ட் பிளாக்"னும் "காம்பாக்ட் பிளாக் ஃபில்டர்"னும் மாத்தி மாத்திச் சொல்லியிருந்தா அடுத்ததைப் பாக்காதீங்க. முன்னது பிப் 152, முழு நோடுகள் தங்களுக்குள்ள புது பிளாக்கைச் சுருக்கி அனுப்பிக்கிறது. உங்க போனுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.