200 வரை சரியாக வந்தால் போதாதா?

மண்டியில் நாலு மாங்காயை அறுத்துப் பார்த்தே லோடு பேசுகிறார்கள். ஒற்றைப்படை எண்களை வரிசையாகக் கூட்டினால் வர்க்கம் வருவதை 200 வரை பார்த்த எனக்கு மட்டும் ஏன் மார்க் இல்லை என்று கிருஷ்ணகிரியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள், தம்பி.

நீங்கள் பார்த்தது வீண் இல்லை. கணித மேதை ஆய்லரே பல உண்மைகளை முதலில் எண்களைப் போட்டுப் பார்த்துத்தான் ஊகித்தார். ஆனால் ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அதே எண்ணையும் 41-ஐயும் கூட்டிப் பாருங்கள். 0 முதல் 39 வரை எதைப் போட்டாலும் வருவது பகா எண். 40 போட்டால் 1681, அதாவது 41×41! கணிதர் போல்யா எண்களைப் பற்றி 1919-இல் சொன்ன ஓர் ஊகம் இன்னும் மோசம்: அது முதலில் உடைவதே 90,61,50,257-இல்தான். லோடுக்குக் கடைசிக் காய் உண்டு, எண்களுக்கு இல்லை.

எல்லா எண்ணுக்கும் நிரூபிக்க உங்களுக்குப் பாக்கி கொஞ்சம்தான். முதல் எண் 1, அது 1². முதல் க ஒற்றைப்படை எண்களின் கூட்டல் க² என்றால், அடுத்த ஒற்றைப்படை எண் 2க+1, சேர்த்தால் (க+1)². அதாவது ஒன்றுக்குச் சரியென்றால் அடுத்ததற்கும் சரி, இப்படியே முடிவில்லாமல் போகும். இதை எழுதி சாரிடம் காட்டுங்கள்.