ஹார்ட், ஹ்ருதயம்: ஒரே ‘ஹ’தானா?

கேள்வி: ஆங்கில ஹார்ட், சமஸ்கிருத ஹ்ருதயம் இரண்டுமே ‘ஹ’வில் தொடங்குகின்றன. மூலம் ஒன்றே என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? (கும்பகோணம் வாசகர்)

பதில்: மூலம் ஒன்றுதான். ஆனால் நீங்கள் காட்டும் சான்று செல்லாது. அந்த இரண்டு ‘ஹ’வும் வெவ்வேறு வழியில் வந்தவை.

இந்த மொழிகளுக்கெல்லாம் பொது மூலமாகக் கருதப்படும் தொல் இந்தோ-ஐரோப்பியத்தில் இச்சொல் ஏறத்தாழ ‘கெர்த்’ என்று இருந்ததாகக் கணித்திருக்கிறார்கள். கிரேக்கம் (கார்தியா), லத்தீன் (கோர்) இரண்டிலும் ‘க’ அப்படியே நின்றது. ஆங்கிலம் சேர்ந்த ஜெர்மானியக் கிளையில் அது ‘ஹ’ ஆயிற்று; 1822இல் ஜெர்மன் மொழியறிஞர் யாக்கோப் கிரிம் வகுத்துக் காட்டிய ஒலிமாற்றம் இது. சமஸ்கிருதத்தில் இதே ஒலி ‘ச’ ஆக வேண்டும். நூறு என்ற சொல்லைப் பாருங்கள்: லத்தீனில் கெந்தும், ஆங்கிலத்தில் ஹண்ட்ரட், சமஸ்கிருதத்தில் சதம். கொம்பும் அப்படியே: கார்னு, ஹார்ன், சிருங்கம். அந்தக் கணக்கில் இதயம் ‘ச்ருத்’ என்றல்லவா இருக்க வேண்டும்? லிதுவேனியாவில் ஷிர்திஸ், ஆர்மீனியாவில் சிர்த் என்று ஒழுங்காகத்தான் இருக்கிறது.

சமஸ்கிருத ‘ஹ’வுக்கு ஆங்கிலத்தில் பெரும்பாலும் ‘க’ (மேலே சொன்ன k அல்ல, g ஒலி) வரும்: ஹம்சம், கூஸ் (goose). ஆக ஹ்ருதயம்தான் விதிவிலக்கு. ஈரானிய மொழிகளிலும் இதே பிறழ்வு இருப்பதால், இந்திய, ஈரானியக் கிளைகள் பிரியும் முன்பே அது நேர்ந்திருக்கிறது. காரணம் பற்றி இன்றும் ஒத்த கருத்து இல்லை.

காணாமல்போன ‘ச’ வேறோரிடத்தில் பிழைத்திருக்கிறது. சிரத்தை என்பது ‘ச்ரத்’ + ‘தா’, அதாவது இதயத்தை வைத்தல் என்பதே மொழிகளை ஒப்பிட்டு ஆராயும் ஒப்பியலாரில் பெரும்பாலோர் கொள்ளும் விளக்கம். லத்தீன் ‘கிரேதோ’ (நம்புகிறேன்) அதன் உடன்பிறப்பு.

ஒரு சொல்லை மட்டும் வைத்து உறவு பேசாதீர்கள். அதே ஒலிக்கு இன்னும் இரண்டு மூன்று சொற்களாவது ஒத்துவர வேண்டும்; கடன் வாங்கியவற்றை முதலில் கழித்துவிட வேண்டும். தமிழ் இதயம் சமஸ்கிருதக் கடன், இந்தக் கணக்கில் சேராது. நமக்கு நெஞ்சு இருக்கிறது.

கேள்வி: ‘தில் இருந்தா வா’ என்கிறோமே, அந்தத் தில்? (மதுரை வாசகி)

பதில்: இதயம் என்ற பொருளுள்ள பாரசீகச் சொல், இந்தி-உருது வழியாக வந்தது; ஹ்ருதயத்துக்கு உறவு. ஹ்ருத் என்பதன் ‘ஹ’ பாரசீகத்தில் ‘த’ ஆகும்: ஹஸ்தம் அங்கே தஸ்த். (நம் தஸ்தாவேஜிலும் அந்தக் கைதான்.) ‘ர்த்’ தேய்ந்து ‘ல்’ ஆகும்: சமஸ்கிருத சரத், பாரசீகத்தில் சால், அதாவது ஆண்டு.

கிரெடிட் கார்டிலும் இதயம் உண்டு, மேலே சொன்ன ‘கிரேதோ’ வழியாக, ‘கிரெடிட்’டில் மட்டும். ‘கார்டு’ கிரேக்கக் ‘கார்தியா’ அல்ல. பாப்பிரஸ் தாளைக் குறித்த ‘கார்தேஸ்’.