என்ஜினை விடுங்கள், பிரசுரத்தைப் பத்திரப்படுத்துங்கள்

கேள்வி: மதுரை திருநகரில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். 14 மாதங்களுக்கு முன் தமுக்கம் பொருட்காட்சியில், தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் எடுத்து பெட்ரோலை மிச்சப்படுத்தும் என்ற கருவியை 34,500 ரூபாய்க்கு வாங்கிக் காரில் பொருத்தினேன். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் ஓடிய வண்டி இன்றும் 16தான் ஓடுகிறது. நடுவில் என்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிந்து, பழுதுபார்க்க 62,000 ரூபாய் ஆனது. கேட்கப் போனால், 'உங்களுக்கு ஓட்டத் தெரியவில்லை' என்று நாலு பேர் முன்னால் கடைக்காரர் அவமானப்படுத்தினார். இப்போது 25,000 தருவதாகவும், குறை ஏதும் இல்லை என்று எழுதித் தரும்படியும் சொல்கிறார். மன உளைச்சலுக்கும் சேர்த்து 6 லட்சம் கேட்டு வழக்குப் போடலாமா?

பதில்: உங்கள் கடிதத்தின் நான்கு பக்கங்களில் மூன்று, அந்த அவமானத்தைப் பற்றியவை. நுகர்வோர் ஆணையத்தில் அதற்குப் பெரிய எடை கிடையாது. மனுவில் இரண்டு வரிக்கு மேல் எழுதாதீர்கள். கடைசியாக நீங்கள் இணைத்திருக்கும் பிரசுரத்தின் நகலைத்தான் நான் இரண்டு முறை பார்த்தேன். '40 சதவீத மிச்சம் உறுதி' என்று அச்சிட்டிருக்கிறது. அதன் கீழே கடை முத்திரையும் கையெழுத்தும் தேதியும் இருக்கின்றன. உங்கள் வழக்கு அந்த ஒரு வரிதான்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(47): முறையான சோதனை இல்லாமல் ஒரு பொருளின் செயல்திறனுக்கு உத்தரவாதம் தருவது நேர்மையற்ற வணிக நடைமுறை. 'சோதித்துப் பார்த்தோம்' என்று விற்றவர் சொன்னால், அதை நிரூபிக்கும் சுமையும் அவர் தலையில்தான். இதை விட்டுவிட்டுக் 'கருவியில் குறைபாடு' என்று எழுதினால் சுமை உங்கள் பக்கம் திரும்பிவிடும். ஆய்வகத்துக்கான கட்டணத்தையும் நீங்கள்தான் கட்ட வேண்டியிருக்கும்.

அப்படியொரு சோதனையை அவரால் காட்ட முடியாது. தண்ணீரைப் பிரிக்கும் மின்சாரம், காருக்குள் மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரிலிருந்து வருகிறது. ஆல்டர்னேட்டரைச் சுற்றுவது பெட்ரோல் எரியும் அதே என்ஜின். வழியில் ஒவ்வொரு கட்டத்திலும் ஆற்றல் இழப்பு. போட்டதைவிடக் குறைவாகத்தான் திரும்பக் கிடைக்கும். அமெரிக்காவில் ஸ்டான்லி மேயர் என்பவர் தண்ணீரில் கார் ஓட்டுவதாகச் சொல்லிப் பணம் திரட்டினார். 1996இல் ஒஹையோ நீதிமன்றம் அதை அப்பட்டமான மோசடி என்று கூறி, முதலீடு செய்தவர்களுக்கு 25,000 டாலரைத் திருப்பித் தரச் சொன்னது. திருப்பித் தரச் சொன்னது போட்ட பணத்தைத்தான். நீங்களும் அதைத்தான் குறிவைக்க வேண்டும்.

இனி, அந்த 62,000 ரூபாய். என் கட்சிக்காரர்கள் விழும் குழி இதுதான். மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் இதேபோன்ற கருவியோடு வந்தார். நான் தடுத்தும் கேட்காமல், வேறொரு வக்கீல் மூலம் என்ஜின் செலவையும் சேர்த்து மனுப் போட்டார். எதிர்த்தரப்பு சர்வீஸ் சென்டரின் ஜாப் கார்டை, அதாவது பழுதுபார்ப்பு விவரங்களைக் குறிக்கும் தாளை, வரவழைத்தது. அதில் ஒரு வரி: 'உரிமையாளர் வெளியில் பொருத்திய கருவி, சென்சார் வயர் வெட்டி ஒட்டப்பட்டுள்ளது.' என்ஜின் கெட்டது கருவியாலா, ஒட்டுப்போட்ட மெக்கானிக்காலா, பராமரிப்பு இல்லாததாலா என்று மூன்று ஆண்டுகள் வாதம் நடந்தது. இதற்கிடையில் கார் நிறுவனம் வாரண்டியை மறுத்தது. அதற்கு அது காட்டிய ஆதாரம், அவரே கையெழுத்திட்ட மனுவின் நான்காவது பத்தி.

உங்களுக்கும் அதே ஆபத்து இருக்கிறது. நீங்கள் அனுப்பிய படத்தில் ஆக்சிஜன் சென்சார் வயரில் ஒரு சிறிய கறுப்புப் பெட்டி தெரிகிறது. இந்தக் கருவிகள் சிலவற்றோடு, காரின் கணினியை ஏமாற்றி பெட்ரோலைக் குறைக்க இப்படியொரு பெட்டியும் வரும். அதனால் என்ஜின் சூடேறிப் பழுதாக வாய்ப்புண்டு. கருவியால்தான் என்ஜின் கெட்டது என்ற உங்கள் கணிப்பு சரியாகவே இருக்கலாம். ஆனால் 'வயரை வெட்டி இதைப் பொருத்த நான் சம்மதித்தேன்' என்று நீங்கள் எழுதும் வாக்கியம் ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, வாகன மாற்றங்களைப் பற்றியது. இந்தக் கருவி அதற்குள் வருமா என்பது வாதத்துக்குரியது. அந்த வாதத்தை நீங்களே எடுத்துக் கொடுக்காதீர்கள். நாளை விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் நிறுவனமும் அதே தாளைத்தான் நீட்டும்.

ஆகவே வெளிப்படையாகச் சொல்கிறேன்: சமரசம் செய்துகொள்ளுங்கள். முழு 34,500 ரூபாயும் கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். நோட்டீசில் பிரசுரத்தையும் பிரிவு 2(47)ஐயும் தவிர வேறெதுவும் வேண்டாம். 30,000க்கு இறங்கி வந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் வயதில் ஆணையத்துக்கு நடக்கும் நாட்களுக்கு அந்த 4,500 ஈடாகாது. ஆனால் 'குறை ஏதும் இல்லை' என்று மட்டும் எழுதித் தராதீர்கள். அது பொய், அடுத்து ஏமாறுகிறவருக்கு எதிராக அந்தத் தாளையே அவர் காட்டுவார். 'கருவியைத் திருப்பிக் கொடுத்து, விலையில் இவ்வளவு பெற்றுக்கொண்டேன்' என்பது போதும். அதையும் பணம் வங்கியில் ஏறிய பிறகே கொடுங்கள்.

'அடுத்த வாரம் பார்க்கலாம்' என்று அவர் இழுத்தால் நம்ப வேண்டாம். காலவரம்பு இரண்டு ஆண்டுகள். பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதற்காக அது நிற்காது. உங்களுக்கு மிச்சம் பத்து மாதம். நோட்டீஸ் கிடைத்து 30 நாட்களில் பணம் வராவிட்டால், மதுரை ஆணையத்திலேயே மனுவைப் போட்டுவிடுங்கள். கருவியை இப்போதே சர்வீஸ் சென்டரில் படம் எடுத்துக் கழற்றச் சொல்லி, அட்டைப்பெட்டியில் போட்டு ஒட்டி வையுங்கள். அசல் பிரசுரம் உங்கள் பீரோவை விட்டு வெளியே போக வேண்டாம், 'சரிபார்த்துத் தருகிறேன்' என்று கடைக்காரர் கேட்டாலும் கூட.