ரெண்டாயிரம் ரூபாய் ஊசி தண்டமா?

கேள்வி: என் மாமியாருக்கு 72 வயது. சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. வருடா வருடம் ஃப்ளூ ஊசி போடச் சொல்கிறார் எங்கள் டாக்டர். போன வருடம் போட்டும் சளி பிடித்தது. "ரெண்டாயிரம் ரூபாய் தண்டம்" என்கிறார் மாமியார். அவர் சொல்வது சரிதானா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: சளி பிடித்திருக்கும், அதில் சந்தேகமில்லை. மூக்கொழுக வைக்கும் வைரஸ்கள் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. இந்த ஊசி பார்த்துக்கொள்வது ஃப்ளூவைத் தரும் இன்ஃப்ளூயன்சா வைரஸை மட்டும்தான். அதையும் முழுசாகத் தடுக்காது. ஊசியில் உள்ள வைரஸும் ஊரில் சுற்றும் வைரஸும் நன்றாகப் பொருந்துகிற வருடத்தில்கூட, டாக்டரிடம் ஓடும் அளவுக்கு ஃப்ளூ வருவது 40 முதல் 60 சதவீதம்தான் குறைகிறது. வயதானவர்களுக்குப் பல வருடங்களில் அதைவிடக் குறைவு.

அப்புறம் ஏன் போடச் சொல்கிறோம்? வந்தாலும் நிமோனியா, ஐ.சி.யூ. என்று போய் நிற்காமல் இருக்கத்தான். என்னிடம் வரும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் காலையில் தானே கடைத்தெருவுக்கு நடந்துபோய்ப் பால் வாங்கி வருவார். ஃப்ளூ வந்து நிமோனியாவில் படுத்தார். நெஞ்சு சரியாகிவிட்டது; ஆனால் படுத்திருந்த நாட்களில் தொடைச் சதை கரைந்துபோய், பாத்ரூம் போகவே சுவரைப் பிடிக்க வேண்டியதாயிற்று. பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் மகள் வேலையை விட்டார். ஆஸ்பத்திரி பில்லை எப்படியோ கட்டிவிட்டார்கள். மகளின் சம்பளம் எந்த பில்லிலும் வராத செலவு.

உங்கள் வீட்டுக் கணக்கையும் பாருங்கள். பேரனைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவது, மத்தியானச் சோறு போடுவது எல்லாம் மாமியார்தான் என்றால், அவர் படுத்த அன்றே உங்களுக்குச் சம்பளமில்லா விடுப்பு ஆரம்பம். பிரிட்டனில் 2000ஆம் ஆண்டிலிருந்து 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் எல்லோருக்கும் அரசே இலவசமாக இந்த ஊசியைப் போடுகிறது. தர்ம காரியம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். குளிர்காலத்தில் ஆஸ்பத்திரி நிரம்பி வழிந்தால் என்ன செலவாகும் என்று அவர்களுக்குத் தெரியும். இங்கே கைக்காசுதான். பெரும்பாலான மெடிக்ளெய்ம் பாலிசிகளும் தருவதில்லை. எனக்கு இதில் வருத்தம் உண்டு.

எப்போது போடுவது என்பதும் முக்கியம். வட இந்தியாவின் பல ஊர்களில் ஃப்ளூ ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை உச்சம். நமக்கு வடகிழக்குப் பருவமழையோடு, அக்டோபர், நவம்பரில் ஏறும். ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் பிடிக்கும், சில மாதங்களில் வலுவும் இறங்கிவிடும். அதனால் செப்டம்பரில் போட்டுக்கொள்வது தோது. போடும்முன் அட்டைப்பெட்டியை வாங்கி, எந்தப் பருவத்துக்கான ஊசி என்று அச்சிட்டிருக்கிறார்கள் எனப் படியுங்கள். வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் புதுக் கலவையைப் பரிந்துரைக்கிறது. போன பருவத்துச் சரக்கு என்றால் வாங்காதீர்கள். மருந்துக்கடையில் வாங்கி, வெயிலில் சாதாரணப் பையில் வைத்துக்கொண்டு கிளினிக்குக்கு நடக்கவும் வேண்டாம். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய பொருள் அது.

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார். ஃப்ளூ ஊசி போடலாமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: அவருக்குத்தான் முதலில் போட வேண்டும். கனடாவின் ஒன்டாரியோவில் நடந்த ஆய்வு ஒன்று 2018இல் வெளியானது. ஃப்ளூ உறுதியான முதல் ஏழு நாட்களில் மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்ற நாட்களைவிட ஆறு மடங்கு என்றது அது. மாத்திரையை நிறுத்த வேண்டாம். சாப்பிடுகிறார் என்பதை மட்டும் நர்ஸிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மெல்லிய ஊசியாகப் பார்த்துப் போடுவார். போட்ட இடத்தைத் தேய்க்காமல் இரண்டு நிமிடமாவது பஞ்சால் அழுத்திப் பிடித்தால் போதும்.