பட்டாணி படிக்கக் கான்பூர் போகணுமா?

வணக்கம் ஐயா. மகளுக்குக் கான்பூரில் எம்.எஸ்சி பயிர் இனப்பெருக்கம் (புதுப் பயிர் ரகங்களை உருவாக்கும் படிப்பு) கிடைத்திருக்கிறது, அங்கே பட்டாணியில்தான் ஆய்வு செய்யச் சொல்கிறார்கள், "சுண்டலுக்குப் போடுற பட்டாணிக்கு ரெண்டு வருஷமா?" என்று கேட்டிருந்தீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அந்தச் சுண்டல் பட்டாணியைக் கனடாவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும்கூடக் கப்பலில் கொண்டுவருகிறோம் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

உத்தரப் பிரதேசம் பட்டாணிக்குப் பேர்போன மாநிலம். 'ரச்னா' என்ற ரகம் கான்பூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. மத்திய அரசின் பயறு வகை ஆராய்ச்சி நிறுவனமும் அதே ஊரில்தான். இடத்தைப் பற்றிக் கவலை வேண்டாம்.

அங்கே என்ன செய்வாள்? முப்பது, நாற்பது ரகங்களை வரிசையாக, ஒரே பருவத்தில் வயலின் மூன்று பகுதிகளில் திரும்பத் திரும்ப விதைப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து செடிக்குச் சீட்டு கட்டி, உயரம், காய்களின் எண்ணிக்கை, காய்க்கு எத்தனை மணி, நூறு மணியின் எடை என்று எழுதிக்கொண்டே வரவேண்டும். இங்கேதான் விஷயம் இருக்கிறது. எல்லாச் செடியும் ஒரே மாதிரி காய்த்தால் எதைப் பொறுக்கி எடுப்பது? வித்தியாசம் இருந்தால்தான் தேர்வுக்கே வழி. அந்த வித்தியாசமும் இரண்டு வகை: மண்ணும் தண்ணீரும் தந்தது அந்தப் பருவத்தோடு போய்விடும், மரபணு தந்ததுதான் அடுத்த தலைமுறைக்கு வரும். எது எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பிரிப்பதுதான் இவள் வேலை. மரபியலின் தந்தை என்று சொல்லப்படும் மெண்டல்கூட 34 பட்டாணி ரகங்களை வாங்கி, இரண்டு வருஷம் வளர்த்துப் பார்த்து, 22ஐ வைத்துக்கொண்டுதான் ஒட்டுச்சேர்க்கையை, அதாவது ஒரு ரகத்தின் மகரந்தத்தை இன்னொரு ரகத்தின் பூவில் சேர்ப்பதை, தொடங்கினார்.

கைவேலையும் உண்டு. பட்டாணிப் பூ விரிவதற்கு முன்பே தனக்குள் மகரந்தச் சேர்க்கையை முடித்துக்கொள்ளும். அதனால் மொட்டாக இருக்கும்போதே இதழை விலக்கி, உள்ளே இருக்கும் பத்து மகரந்தப் பைகளையும் இடுக்கியால் எடுத்துவிட்டு, வேறு ரகத்தின் மகரந்தத்தைத் தடவவேண்டும். முதல் வாரம் பாதி மொட்டு கையிலேயே ஒடியும், பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். இப்படிச் சேர்த்துச் சேர்த்துத்தான் சாம்பல் நோயைத் தாங்கும் ரகங்கள் வந்தன. இலைக்குப் பதில் பற்றுக்கம்பியாகவே வளரும் ரகங்களும் உண்டு. செடிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சாயாமல் நிற்கும்.

சரி, வேலை? உள்ளதைச் சொல்கிறேன். எம்.எஸ்சி மட்டும் வைத்துக்கொண்டு நிரந்தர ஆராய்ச்சிப் பணி கிடைப்பது கடினம். நெட் என்ற தகுதித் தேர்வு, பிஎச்.டி இரண்டுக்கும் மனதைத் தயார் செய்யவேண்டும். அதுவரை காத்திருக்க முடியாத குடும்பம் என்றால் இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள். தனியார் விதைக் கம்பெனிகளில் சீக்கிரம் சேரலாம், ஆனால் அங்கே மிளகாய், தக்காளி, மக்காச்சோளம்தான் அதிகம். அதில் ஒன்றும் நஷ்டமில்லை. பட்டாணியில் கற்ற கணக்கு உளுந்துக்கும் அப்படியே பொருந்தும்; நாளை புதுக்கோட்டை வம்பன் பயறு ஆராய்ச்சி மையத்தில் வாய்ப்பு வந்தாலும் கைகொடுக்கும். புள்ளியியலும், அந்தக் கணக்கைக் கணினியில் போட உதவும் 'ஆர்' மென்பொருளும் தெரிந்த பிள்ளைக்கு நேர்முகத் தேர்வில் தனி மதிப்பு உண்டு. ஆய்வுக்கூட வேலை மட்டும் பிடிக்கும், வெயிலும் சேறும் ஆகாது என்றால் இந்தப் படிப்பு வேண்டாம்.

சேருவதற்கு முன் மகளைவிட்டே பேராசிரியரிடம் ஒன்று கேட்கச் சொல்லுங்கள்: ஆய்வில் இருக்கிற ரகங்களை அளப்பது மட்டும்தானா, ஒட்டுச்சேர்க்கை செய்யவும் விடுவீர்களா? இரண்டாவது கிடைத்தால் தயங்காமல் அனுப்புங்கள். அப்புறம், வயலில் ஆட்களிடம் பேசும் அளவுக்கு இந்தி, தடிமனான ஸ்வெட்டர் இரண்டு. பட்டாணி பூப்பது அங்கே கடுங்குளிரில்தான்.