மலேசியப் பயனீட்டாளர் கேள்வி-பதில்: சுடுகிற சார்ஜர் ஒயர்

கேள்வி: நாலாம் படிவம் படிக்கும் மகளுக்காகச் சுங்கை சிப்புட் கடை ஒன்றில் 350 வெள்ளி கொடுத்து பழைய எச்பி மடிக்கணினி வாங்கினேன். ஒயர் அடாப்டரில் சொருகும் இடம் கை வைக்க முடியாமல் சுடுகிறது. "பழசு என்றால் அப்படித்தான்" என்கிறார் கடைக்காரர்.
– தோட்டத்து அம்மா ஒருவர்

பதில்: அம்மா, முதலில் அந்த ஒயரைக் கழற்றுங்கள். மற்றதை அப்புறம் படிக்கலாம்.

அடாப்டர் பெட்டி வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு. சுவரிலிருந்து அடாப்டருக்கு வரும் ஒயர் சுடக்கூடாது. உள்ளே கம்பி இழை அறுந்திருந்தாலோ முனை தளர்ந்திருந்தாலோ அந்த ஓர் இடத்தில் சூடு சேரும்.

அடாப்டரில் சொருகும் முனையில் 'எல்எஸ்-15' (LS-15) என்று இருக்கிறதா பாருங்கள். 2010 செப்டம்பர் முதல் 2012 ஜூன் வரை எச்பி, காம்பேக் மடிக்கணினிகளோடு விற்ற அந்த வகை ஒயர்களில், சூடாகிறது, உருகுகிறது, கருகுகிறது என்று 29 புகார்கள் வந்தன. 2014 ஆகஸ்டில் நிறுவனம் அவற்றைத் திரும்பக் கேட்டது. அமெரிக்காவிலும் கனடாவிலும் மட்டுமே ஏறக்குறைய 60 லட்சம் ஒயர்கள். அதே டிசம்பரில் லெனோவோவும் அந்த எழுத்துள்ள ஒயர்களைத் திரும்பக் கேட்டது. அந்த எழுத்து இருப்பதாலேயே ஒயர் பழுது என்று சொல்ல முடியாது. ஆனால் எழுத்து இல்லாவிட்டாலும், சுடுகிற ஒயர் வீட்டில் இருக்கக்கூடாது.

இந்த அறிவிப்பு மூன்று கை மாறித் தோட்டத்துக்கு வந்த மடிக்கணினியைத் தேடி வராது. உங்கள் மேல் பிழை இல்லை அம்மா. விற்பவர்தான் பார்த்திருக்க வேண்டும். நல்ல ஒயர் கொடுக்கச் சொல்லுங்கள். மறுத்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போங்கள். மனுவுக்கு 5 வெள்ளிதான், வழக்கறிஞர் தேவையில்லை. "விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாது" என்று கடையில் பலகை தொங்கினாலும் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தந்த உரிமை போய்விடாது. ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

கேள்வி: உருகிய இடத்தில் கறுப்பு டேப் சுற்றினால் போதுமா?

பதில்: போதாது. இரண்டாக வெட்டிப் போடுங்கள். முழுசாக எறிந்தால் வேறு யாராவது எடுத்துச் சொருகுவார்கள்.

கேள்வி: சிங்கப்பூரில் வேலை செய்யும் தம்பி பழைய ஆப்பிள் மடிக்கணினி கொடுத்தான். அதற்கும் இப்படி ஏதும் உண்டா?

பதில்: உண்டு. 2003 முதல் 2010 வரை வந்த மூன்று முனை பிளக் உடைந்து, தொட்டால் ஷாக் அடிக்கலாம் என்று 2019-இல் ஆப்பிள் திரும்பக் கேட்டது. சிங்கப்பூர், ஹாங்காங், பிரிட்டனுக்கு வந்தவை அவை. நம் சுவருக்கும் அதே பிளக்தான். அடாப்டரோடு சேரும் உட்பக்கம் வெள்ளையாக, எழுத்து எதுவும் இல்லாமல் இருந்தால் பழையது. சாம்பல் நிறமென்றால் புதியது.

கேள்வி: இணையத்தில் வாங்கிய சார்ஜருக்கு இரண்டு உருண்டை முனை. மேல் ஓட்டையில் பேனாவைக் குத்தினால் சுவரில் நுழைகிறது. இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே?

பதில்: தம்பி, இதை எத்தனை தடவை எழுதுவது? மேல் ஓட்டை எர்த் முனைக்கு. அந்த முனை நீளமாக இருப்பதால் முதலில் நுழைந்து, கீழே இருக்கும் இரண்டு மூடிகளையும் திறக்கும். குழந்தை கம்பியை விட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த மூடி. நீங்கள் பேனாவால் அதை ஏமாற்றுகிறீர்கள். உருண்டை முனை நம் துளையில் இறுக்கமாக உட்காராது. தளர்ந்த இடத்தில் பொறி பறக்கும், சூடேறும். நம் பிளக்கில் இருக்கும் ஃபியூஸும் அதில் கிடையாது. வீட்டுக்கு வீடு சுவிட்ச் பக்கத்தில் ஒரு பேனா கிடப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

மூன்று முனை இருந்தாலே போதும் என்றும் நினைக்காதீர்கள். நான் இரவுச் சந்தையில் 8 வெள்ளிக்கு ஒரு ஒயர் வாங்கினேன். ஒரு வாரத்தில் மகன் படிக்கும் பாய் கருகியது. பிளக்கின் ஃபியூஸை நெம்பி எடுத்தால், அந்த இடத்தில் வெறும் உலோகத் துண்டு. ஒயரை வெட்டினால் தடித்த தோல், உள்ளே தலைமுடி போல நாலு இழை. அன்றிரவு பிள்ளை அந்தப் பாயில் தூங்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு படபடக்கிறது.

மடிக்கணினி ஒயருக்கு 3 அல்லது 5 ஆம்பியர் ஃபியூஸ் போதும். பிளக்கில் தரச் சோதனை நிறுவனமான சிரிமின் (SIRIM) முத்திரை பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: 6 வெள்ளி ஒயர், மூன்றாவது முறையாக எரிந்துவிட்டது. நான்காவது எங்கே மலிவாகக் கிடைக்கும்?

பதில்: சொல்ல மாட்டேன்.