அம்பாசடர் என்ஜின் பிரீதர்: கேட்டதும் சொன்னதும்

பிரீதர் என்றால் என்ஜினுக்குள் சேரும் வாயு வெளியேறும் வழி. 1489 சிசி பெட்ரோல் என்ஜின் அம்பாசடர் வைத்திருப்பவர்களின் கேள்விகள் மட்டும். டீசல், இசுசு என்ஜின் வண்டிக்காரர்கள் கோபிக்க வேண்டாம்.

கோவை: சிக்னல்ல நின்னா ஆயில் வாடை உள்ளே அடிக்குது. ஆயில் மூடியைத் திறந்தா குபுகுபுன்னு புகை. பிரீதரை மாத்தினா நிக்குமா?

முதலில் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் அமுக்கும் அழுத்தம், பாருங்கள். எந்த என்ஜினிலும் எரிந்த வாயு கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி, அடியில் ஆயில் தங்கும் சம்ப்புக்குள் இறங்கத்தான் செய்யும். அது வெளியேற இந்த என்ஜினில் இரண்டு வழி. என்ஜின் உச்சியிலுள்ள ராக்கர் கவரிலிருந்து ஏர் கிளீனருக்கு ஒரு ஹோஸ். என்ஜின் பக்கவாட்டில் உள்ள முன்பக்க டாப்பெட் கவரிலிருந்து கீழே தொங்கும் குழாய் இன்னொன்று. வண்டி ஓடும்போது அடியில் பாயும் காற்று அந்தக் குழாய் வழியே வாயுவை இழுக்கும். சிக்னலில் நின்றால் இழுக்க எதுவும் இல்லை. நீராவியும் பெட்ரோல் ஆவியும் உள்ளேயே தங்கி ஆயிலைச் சேறாக்கும். பக்கத்துக் கடைக்கு மட்டும் போய்வரும் வண்டிகளில் ஆயில் மூடியின் அடியில் பால் காபி நிறத்தில் ஒட்டியிருப்பது பெரும்பாலும் இதுதான். ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் கதை வேறு, ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகியுங்கள்.

நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் நன்றாக, ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தால் பிரீதர் வேலையில் இறங்கலாம். தாழ்ந்திருக்கும் சிலிண்டரில் பிளக் துளை வழியே ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங்கோ போரோ தேய்ந்திருக்கிறது. அதற்கு பிரீதர் மருந்தல்ல.

மதுரை: இன்டேக் மேனிஃபோல்ட்ல நிப்பிள் போட்டு, டாப்பெட் கவர் ஹோஸை நேரா சொருகிடலாமா?

கூடாது. ஆக்சிலேட்டரை மிதிக்காத ஐட்லிங்கில், கலவையைச் சிலிண்டருக்குக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்ட்டின் உறிஞ்சல் மிக அதிகம், ஆனால் வெளியேற்ற வேண்டிய வாயு குறைவு. நேராகச் சொருகினால் ஐட்லிங் தள்ளாடும், ஆயிலும் சேர்ந்து போகும். பேக்ஃபயர் ஆனால், அதாவது சிலிண்டர் நெருப்பு மேனிஃபோல்ட்டுக்குத் திருப்பி அடித்தால், அது சம்ப்புக்குள்ளேயே இறங்கலாம். நடுவில் பிசிவி வால்வு, அதாவது சம்ப் வாயு போகும் அளவைக் கட்டுப்படுத்தும் வால்வு, வேண்டும். ஐட்லிங்கில் அதன் உள்முள் இழுபட்டு வழியைக் குறுக்கும், ஆக்சிலேட்டரை மிதித்தால் ஸ்பிரிங் திறந்துவிடும், பேக்ஃபயரில் அடைத்துக்கொள்ளும். 1300 முதல் 1600 சிசி வரையுள்ள பெட்ரோல் கார் வால்வு ஒன்றை எடுங்கள். குலுக்கினால் கடகடவென்று சத்தம் வர வேண்டும். மாட்டிய பிறகு, வால்வு வழியே காற்று கூடுதலாக வருவதால், ஐட்லிங் மிக்சரை (காற்று, பெட்ரோல் கலவையை) திரும்பச் சரிசெய்யுங்கள்.

சேலம்: வால்வு போட்டாச்சு சார். இப்போ விசில் சத்தம், ஆயிலும் குறையுது.

உறிஞ்ச வழி வைத்தீர்கள், காற்று வர வழி வைத்தீர்களா? ராக்கர் கவர் ஹோஸை அடைத்துவிட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஃபில்டர் தாண்டிய காற்று அந்தப் பக்கம் கொஞ்சமாவது நுழைய வேண்டும். இல்லையென்றால் பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கின் பின்பக்க இடைவெளி வழியே கிளட்ச் தூசியை என்ஜின் உறிஞ்சும். கண்ணால் பார்க்க எளிய வழி உண்டு. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயை 'ப' போல வளைத்து, பாதி தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை டிப்ஸ்டிக் துளையில் காற்றுக் கசியாமல் பொருத்துங்கள். ஐட்லிங்கில் என்ஜின் பக்கத் தண்ணீர் ஓரிரண்டு அங்குலம் மேலே ஏறினால் போதும். அரை அடி ஏறினால் உறிஞ்சல் ஓவர். ரெய்ஸ் கொடுக்கும்போது தண்ணீர் எதிர்ப்பக்கம் தள்ளப்பட்டால் வாயு இன்னும் வெளியேறவில்லை.

திருச்சி: ஐயா, கிளட்ச் பக்கம் ஆயில் வந்தா பின் சீலை மாத்தணும். அதை விட்டுட்டு வால்வு வால்வுங்கறீங்க.

உங்கள் என்ஜினின் கிராங்க் மூன்று பேரிங்கில் சுழல்வது, அதன் பின்பக்கம் ரப்பர் சீலே கிடையாது அண்ணே. கிராங்கில் திருகு போல வெட்டிய மரைதான் ஆயிலை உள்ளே திருப்புகிறது. சம்ப்புக்குள் அழுத்தம் ஏறினால் அந்த மரை என்ன செய்யும்?

திருச்சி மறுபடி: டிசைன் பண்ணவனுக்குத் தெரியாததா? குழாயே போதும்னுதானே வெச்சான்!

அவர்களே மாற்றினார்களே. உங்கள் என்ஜினும் சேர்ந்த பி-சீரிஸ் என்ற பிரிட்டிஷ் குடும்பத்து 1798 சிசி என்ஜினுக்கு 1964-ல் எம்ஜிபி என்ற ஸ்போர்ட்ஸ் காரில் தொழிற்சாலையே வால்வு போட்டது. அப்போதும் மூன்று பேரிங் கிராங்க்தான்.

திருச்சி, விடாமல்: அது அமெரிக்காவுல புகைச் சட்டத்துக்காக. அப்புறம் அந்த வால்வை அவங்களே தூக்கிட்டாங்க, தெரியுமா?

தெரியும். சட்டம் பற்றிச் சொன்னதும் சரி. கலிபோர்னியாவில் 1961 மாடலிலிருந்தே இந்த ஏற்பாடு வந்துவிட்டது. ஆனால் எம்ஜிபியில் வால்வைத்தான் எடுத்தார்கள், உறிஞ்சலை எடுக்கவில்லை. எஸ்யு வகைக் கார்புரேட்டரில் அதன் சொந்தப் பிஸ்டனுக்கும் த்ராட்டில் தகட்டுக்கும் நடுவே லேசான உறிஞ்சல் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். ஹோஸை அங்கே இணைத்தார்கள். அந்த இடத்தில் நிப்பிள் உள்ள எஸ்யு உங்களுக்குக் கிடைத்தால் வால்வே வேண்டாம். இதில் உங்கள் பக்கம் பாதி நியாயம். ரேலியில் ஒரிஜினாலிட்டிக்கு மதிப்பெண் போகும் என்ற கவலையா? பழைய டாப்பெட் கவரைத் துளைக்காமல் எடுத்து வையுங்கள், வேண்டும்போது மாட்டிக்கொள்ளலாம்.

திருச்சி: அப்போ மரை தேய்ஞ்சிருந்தா?

தேய்ந்திருந்தால் நீங்கள் ஜெயித்தீர்கள், என்ஜினை இறக்க வேண்டியதுதான். ஆனால் இறக்குவதற்கு முன் தண்ணீர்க் குழாய் சோதனையைச் செய்யுங்கள்.

ஈரோடு: வால்வு இல்லாம மேனிஃபோல்ட்ல கொடுத்தா என்ன ஆகும்?

மதுரைக்காரருக்குச் சொன்னதுதான்.

வேலூர்: ஹோஸ் நுனியில பாட்டில் கட்டிட்டா?

ஆயிலைப் பிடிக்கும், வாயுவை உறிஞ்சாது. மூடியில் துளையில்லாத பாட்டில் என்றால் இன்னும் மோசம்.

தஞ்சாவூர்: பத்மினிக்கும் இதேதானா?

அது ஃபியட். ஃபியட் கை பழகியவரைக் கேளுங்கள்.

நாகர்கோவில்: மேனிஃபோல்ட்ல சின்ன நிப்பிளா போட்டா வால்வு வேணாம்தானே?

வேண்டும். நாளைக்கும் வேண்டும்.

சென்னை: டாப்பெட் கவர் கேஸ்கட் மாத்தியும் கசியுது. போல்ட்டை இன்னும் இறுக்கவா?

இறுக்க இறுக்கத் தகடு நடுவில் குழியும், கார்க் பிதுங்கும், கசிவு கூடும். கவரைக் கழற்றிச் சமமான பரப்பில் வைத்துத் தட்டி நேராக்குங்கள். பிரீதர் உள்ள கவரில் கம்பி வலை இருந்தால் கெரசினில் ஊறவைத்து ஊதிக் காயவையுங்கள். வலை அடைத்திருந்தால் எத்தனை கேஸ்கட் போட்டாலும் ஆயில் வெளியே வரும்.